கேள்வி பதினொன்று

கந்தப்பளை. காலை ஒன்பது மணி.
லீக்ஸ் பாத்தியில் மூடுபனி இன்னும் குந்தியிருக்கிறது.
பேராதனையிலிருந்து வந்த பிள்ளை ஹர்ஷணி
குடையை மடக்கி, படிவத்தை விரித்து,
பதினோராவது கேள்வியை எழுத்துக்கூட்டித் தமிழில் வாசிக்கிறாள்:
"நுகர்வோருக்கு விஞ்ஞானம் விளங்குவதில்லை
எனும் கூற்றுடன் தாங்கள் எந்தளவுக்கு உடன்படுகிறீர்கள்?"
ஒன்றிலிருந்து ஐந்து வரை பெட்டிகள்.

மண்வெட்டியில் ஒட்டின மண்ணைச்
செருப்பு நுனியால் தட்டிக்கொண்டே யோசிக்கிறேன்.

இந்தப் போத்தலுக்கு நாங்கள் வைத்த பேர் மருந்து.
விற்கிற ஜவுபர் நானாவுக்குச் சாமான்.
கொழும்பில் நஞ்சு.
பை அச்சடிக்கிறவருக்கு இரசாயனம்.
உள்ளே இருப்பது
எந்தப் பேருக்கும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மாசியில், தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு
வெள்ளவத்தை போனபோது
குளிரூட்டின கடையொன்றில் லீக்ஸைக் கண்டேன்.
என்னுடையதாக இருக்கலாம்,
மேல்லயத்துப் புண்ணியமூர்த்தியுடையதாகவும் இருக்கலாம்.
கழுவின லீக்ஸுக்கு முகம் இல்லை.
பையில் ஒரு பச்சை இலைப் படம்,
கீழே: இரசாயனமற்றது.
தண்ணீரும் இரசாயனம்தான் என்கிறான்
எட்டாம் ஆண்டு படிக்கிற என் மகன்.
அப்படியென்றால் அந்தப் பைக்குள்
என்னதான் இருந்தது?

ஒரு பெண் அதை எடுத்து,
சாதகம் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்து,
இரட்டை விலை கொடுத்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
விதைப் பைக்கெட்டை நானும் அப்படித்தான் திருப்புவேன்.
அதன் படத்தில் இருக்கிற கோவா
எந்த வருஷமும் என் தோட்டத்தில் முளைத்ததில்லை.

பசளை நின்ற வருஷம்
முழு நாட்டுக்கும் சேர்த்து ஓர் இலைப் படம் ஒட்டினார்கள்.
உருளைக்கிழங்கு போளையளவில் வந்தது.
அப்போதும் யாரோ மேடையேறி
எங்களுக்கு விஞ்ஞானம் விளங்கவில்லை என்றார்கள்.

விளங்கும், பிள்ளை.
போத்தலில் மஞ்சள் பட்டைக்குக் கீழே
மூன்று பாஷை. தமிழ் மட்டும் எறும்பு அளவு.
கண்ணாடி போட்டு வாசித்திருக்கிறேன்:
அடித்தபின் பதினான்கு நாள் பொறு.
கலண்டரில் வட்டம் போட்டும் வைப்பேன்.

ஒன்பதாம் நாள் ராத்திரி லொறிக்காரன் போன் பண்ணினான்.
தம்புள்ளையில் விலை ஏறிட்டாம், விடிய முதல் ஏற்றணுமாம்.
நகை அடகுக் கடையில்.
டோர்ச் லைட் பிடித்துக்கொண்டு பிடுங்கினோம்.
ஐந்து நாள் மிச்சம்.
அதை யார் தின்றார்களோ தெரியாது.
எங்கள் கறிக்கு
அந்தா, பீலிக்குப் பக்கத்து மூலைப் பாத்தி.
அதற்கு மருந்து அடிப்பதில்லை.

இதை எழுதிக்கொள்வாயோ என்னவோ.
லேபலில் என்ன போடலாம் என்று கேட்டாயே:
அடித்த நாள். பிடுங்கின நாள்.
இலைப் படம் வேண்டாம்.
கீழே என் பேரைப் போடு, இராசலெச்சுமி என்று முழுதாக.
பேர் இருந்தால் நான் பொறுத்துத்தான் ஆகவேண்டும்.
விலை பொறுக்குமா என்று
அந்த வெள்ளவத்தைப் பெண்ணிடமும் ஒருக்கா கேள்.

அவள் பேனை
ஐந்து பெட்டிகளுக்கு மேலேயும் அலைந்து
மூன்றில் புள்ளடி போட்டது.
பன்னிரண்டாவது கேள்வி, வீட்டில் எத்தனை பேர்.

போகும்போது ஒரு கட்டு லீக்ஸ் கொடுத்தேன்.
வாங்கினாள்.
லேபல் இல்லாத அதை
எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.
பிறகு, படிவத்தில் இல்லாத குரலில்:

"இது எந்தப் பாத்தி, அக்கா?"